தண்ணீர் முதல், மீன் வட்டி

தலைமை வங்கி ஒருநாள் தங்கத்தைக் கைவிட்டது. தங்கத்துக்கு விசுவாசம் கிடையாது, எவன் பெட்டியில் வைத்தாலும் ஒரே மாதிரி மினுக்குகிறது என்று காரணம் சொன்னார்கள். இனி நாட்டின் பணத்துக்குத் தண்ணீரே ஆதாரம். நோட்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் தரப்படும் என்று வங்கித் தலைவர் ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்தைக் காப்பாற்றுவதற்காக ஊரில் இருந்த தண்ணீரையெல்லாம் வங்கி எடுத்து வைத்துக்கொண்டது. ஏரிக்குக் காவல் வந்தது. கிணறுகளுக்கு மூடியும் பூட்டும் வந்தன. கடலை மட்டும் விட்டுவிட்டார்கள். உப்பாக இருப்பதால் அது செல்லாத நோட்டு.

மக்கள் பழகிக்கொண்டார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்த அப்பாக்கள் அதை நிறுத்தினார்கள். அது இப்போது திட்டாக இல்லை, வெறும் தகவலாகிவிட்டது. ஈரத் தலையோடு தெருவில் போகிறவரைப் பார்த்து, "ம், வசதி" என்று பெருமூச்சு விட்டார்கள்.

வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு இதெல்லாம் செய்தித்தாளோடு முடிகிற விஷயம். அவர் பாட்டுக்குக் காலையில் ஷட்டரைத் தூக்குவார். தொட்டி விளக்குகளைப் போடுவார். செத்து மிதப்பவை இருந்தால் வாடிக்கையாளர் வருவதற்குள் வலையால் எடுத்துவிடுவார். தொழில் தண்ணீர் என்று வாரம் ஒருமுறை அவருக்கு லாரியில் வந்துகொண்டிருந்தது. அது வந்ததும் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, அழுக்குத் தண்ணீரை வாளிக்கு இறக்குவார். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போனதும் அந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். மீன் வளர்ப்பில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான். மாற்றாவிட்டால் மீன் தன் கழிவையே சுவாசித்துச் சாகும்.

கடையில் விற்பனைக்கு இல்லாத மீன் ஒன்று உண்டு. கடைக்காரரின் கல்யாணத்துக்கு அவர் மனைவியின் அண்ணன் பரிசாகக் கொடுத்த ஆஸ்கர் மீன். கொடுக்கும்போது கட்டைவிரல் அளவு இருந்தது. கொடுத்த அண்ணன் வெளிநாடு போய், போன் செய்வதையும் குறைத்துக்கொண்டுவிட, அவர் கொடுத்த மீன் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தது. அதற்கு மச்சான் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயருக்கு ஏற்ற குணம்தான். ஆள் அடையாளம் தெரியும். கையிலிருந்து வாங்கிச் சாப்பிடும். சரியாகக் கவனிக்கவில்லை என்று பட்டால் தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும், சம்பந்தி வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைக்காத மாதிரி.

"உங்க மச்சான் சாப்பிட்டாரா?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

"சாப்பிட்டார். உன் அண்ணன் பசியில வாடினா நம்ம வீட்டு மானம் என்ன ஆகும்?"

மச்சானின் தொட்டிக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன்மேல் தார்ப்பாயை விரித்து, கயிற்றை ஓட்டை வழியாக உள்ளே விட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். ஓட்டையை அடைக்கச் சொல்லி மனைவி கேட்கும்போதெல்லாம், "மழை வந்தா பாத்துக்கலாம்" என்பார்.

"நீங்க இப்படிச் சொல்லிச் சொல்லியே மழை வராமப் போச்சு" என்பாள் அவள்.

இந்த நிலையில்தான் வங்கியிலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அடிஸ்கேல் வைத்திருந்தார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரும் அடிஸ்கேல்தான். கடைக்குள் வந்தவர் தொட்டி தொட்டியாக ஸ்கேலை வைத்து அளந்தார். பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர் போலக் கடைக்காரரின் தோளில் கை வைத்தார்.

"எவ்வளவு நாளா பேங்க் நடத்துறீங்க?"

"பேங்க் இல்லைங்க சார். மீன் கடைங்க."

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது என்ன?"

"தொட்டிங்க."

"கண்ணாடிப் பெட்டகம். உள்ள என்ன இருக்கு?"

"தண்ணிங்க."

"நாட்டின் செலாவணி. ஆள் வந்தா என்ன பண்றீங்க?"

"பிடிச்ச மீனைக் காட்டுவாங்க. பாலிதீன் பையில தண்ணி ஊத்தி, மீனை விட்டு, காத்து நிரப்பி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பேங்க."

"கவுன்டர் வழியா செலாவணியை வெளிய விடுறீங்க. இதுக்கு எங்க ஊர்ல பேங்குன்னுதான் பேரு."

"ஐயா, அவங்க மீனுக்காகத்தான் வராங்க."

"அப்படித்தான் எல்லா மோசடிக் கம்பெனியும் சொல்லும். தண்ணி முதல். மீன் வட்டி. சரி, இந்தக் குட்டி மீன் என்ன?"

"கப்பிங்க. குட்டி போடுற ஜாதி."

"எப்ப எப்ப போடும்?"

"மாசம் ஒரு தடவை, நிறையப் போடுங்க" என்றார் கடைக்காரர், தொழில் பெருமையோடு.

அதிகாரி முகம் வெளுத்தது. "மாத வட்டி! அதுவும் இந்த விகிதத்துல! எங்க சேமிப்புக் கணக்குல என்ன தர்றோம் தெரியுமா? ஆண்டு முடிவுல ஒரு டம்ளர். நீங்க நாட்டையே கவுத்துடுவீங்க போலிருக்கே."

கடைக்காரர் கப்பிகளைப் பார்த்தார். அவை நாட்டைக் கவிழ்க்கும் அவசரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

அனுமதியின்றி வங்கி நடத்தினால் சிறை. ஆனால் வங்கி கருணை உள்ளது, சிறையில் போட்டால் கைதிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கும் உள்ளது. எனவே கடை முறைப்படுத்தப்பட்டது. ஷட்டருக்கு மேலே இருந்த தங்கமீன் படத்தின்மேல் 'தலைமை வங்கி, தெருக்கிளை' என்ற பலகை ஏறியது. கடைக்காரர் கிளை மேலாளர் ஆனார். அவருக்கு ஒரு டை கொடுத்தார்கள்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. "நம்ம கல்யாணத்துக்கே இப்படி இல்லை."

முதல் நாளே டையின் நுனி தொட்டிக்குள் நனைந்துவிட்டது. இருப்பை உடையில் கடத்த முயன்றதாக விளக்கம் கேட்டார்கள். அடிஸ்கேல் முன்னிலையில் டையைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்துவிட்டு, பிழிந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நடமாடினார்.

எல்லாத் தொட்டிகளையும் கண்ணாடி மூடியால் மூடி அரக்கு முத்திரை வைத்தார்கள். தீவனம் போட மட்டும் ஒரு மூலையில் விரல் நுழையும் வழி. தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே சிவப்புக் கோடு. தொழில் தண்ணீர் லாரி நின்றுபோனது. வங்கி தண்ணீரை வைத்திருக்குமே தவிரப் பயன்படுத்தாது.

"தண்ணி மாத்தணுமேங்க" என்றார் கடைக்காரர்.

"எதை மாத்தணும்? அளந்து, முத்திரை வெச்சு, தலைவருக்குத் தகவல் போயாச்சு. அந்தத் தண்ணி அந்தத் தண்ணியாவே இருக்கணும். அதுதான் நாணயம்."

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியபோது அடிஸ்கேல் உட்கார இடம் தேடினார்.

"எங்க போச்சு?"

"காத்துல போயிருக்குங்க. மூடி இருந்தாலும் சந்து வழியாக் கொஞ்சம் ஆவியாகும்."

"யார் பொறுப்பு?"

"வெயில்ங்க."

அடிஸ்கேல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு வெயிலில் நின்று ஆராய்ந்தது. குழுவிலிருந்தவர்களே வியர்த்துக் கொட்டியதால், அது ஊழியர் மட்டத்துக் கசிவு என்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். கடைசியில் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: 'ஆவியாதல் இன்று முதல் நிறுத்தப்படுகிறது.' கடைக்காரர் அதைத் தொட்டிகள் பார்க்கிற மாதிரி எதிர்ச் சுவரில் ஒட்டினார். தண்ணீர் தொடர்ந்து இறங்கியது. அடிஸ்கேல் யோசித்துப் பார்த்து, ஒருநாள் சிவப்புக் கோட்டைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கீழே போட்டார். ஆவியாதல் நின்றுவிட்டதாக அறிக்கை போனது.

மச்சான் அடியில் ஒருக்களித்துப் படுத்தது. முதலில் கோபம் என்றுதான் நினைத்தார்கள்.

"டை கட்டுனதுல இருந்து நீங்க சரியாப் பேசறதில்ல. அதான் முறுக்கிக்கிட்டார்" என்றாள் மனைவி. தீவன வழியில் விரலை விட்டு, "அண்ணா, வாண்ணா" என்று கூப்பிட்டாள். மச்சான் வரவில்லை. துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கிடந்தன. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. தண்ணீர் வடித்த கஞ்சி போலக் கலங்கியிருந்தது.

அவள் விரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இது கோபம் இல்லைங்க" என்றாள். "தண்ணி மாத்தலைன்னா போயிடுவார்." போன் செய்யாத அண்ணன் விட்டுப்போனது இது ஒன்றுதான்.

கடைக்காரர் அடிஸ்கேலிடம் கேட்டார். ஒரே ஒரு தொட்டிக்கு, மூன்றில் ஒரு பங்கு. அழுக்கு நோட்டை மாற்றித் தர வங்கி கடமைப்பட்டது, அதற்குத் தலைமை அலுவலகத்தில் தனிக் கவுன்டர் இருக்கிறது என்றார் அடிஸ்கேல். மச்சான் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை மாதிரி எடுக்கவும் அனுமதி கொடுத்து, முத்திரையை உடைத்து, மறுபடி வைத்தார்.

தலைமை அலுவலகம் மிகப் பெரியது. கூடத்தின் நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் நாட்டின் இருப்பு பச்சையாக நின்றது. அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. அவற்றுக்கும் காவல் இருந்தது. வரிசையில் நின்றவர்களின் உதடுகள் வெடித்திருந்தன. சுவரில் 'உங்கள் தாகம், எங்கள் பலம்' என்று எழுதியிருந்தது.

கவுன்டர் அம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்தார். உடனே மூடினார்.

"என்ன இது?"

"அழுக்குத் தண்ணிங்கம்மா. மாத்திக் கொடுக்கணும்."

"எப்படி அழுக்காச்சு?"

"மீன் உள்ள இருக்குங்க. சாப்பிடும். சாப்பிட்டா..." கடைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். "போகும்ங்க."

"செலாவணிக்குள்ளயா?"

"அதுக்கு வேற இடம் இல்லைங்கம்மா."

"நோட்டுல பேனாவால ஒரு கோடு போட்டாலே வாங்க மாட்டோம். இது என்ன பண்ணியிருக்கு பாருங்க! இது அழுக்கு நோட்டு இல்லை சார். அவமதிக்கப்பட்ட நோட்டு. அந்த நபர் நேர்ல வந்து மன்னிப்பு எழுதிக் கொடுக்கணும்."

"அவர் மீனுங்க."

"கையெழுத்துப் போடத் தெரியலைன்னா கைரேகை வைக்கச் சொல்லுங்க. அடுத்தது!"

அவர் வீடு திரும்பியபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலில் இருந்ததைத் திரும்பத் தொட்டிக்கே ஊற்ற வேண்டியிருந்தது. அதற்கும் அடிஸ்கேல் வந்து நின்றார்.

"தலைவரே நம்ம கிளையைத் திறந்து வெக்க வர்றார்" என்றார் அவர். "கிளை நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருக்கேன். அந்தப் பெரிய மீனைக் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கச் சொல்லுங்க."

கடைக்கு எதிரே பந்தல் போட்டார்கள். நாற்காலிகள், ஒலிபெருக்கி, தலைவருக்குத் தனி மின்விசிறி. தெருவே வந்து உட்கார்ந்தது, பேச்சு முடிந்ததும் ஆளுக்கு அரை டம்ளர் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி. மேலாளர் என்ற முறையில் கடைக்காரரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் கழுத்து மட்டும் திரும்பித் திரும்பிக் கடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் இப்போது ஒருக்களித்துக்கூட இல்லை. வயிறு மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. மனைவி தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வங்கித் தலைவர் எழுந்தார்.

"அன்பார்ந்த குடிமக்களே! ஏன் தண்ணீர் என்று என்னைக் கேட்கிறார்கள். தண்ணீருக்கு நிறமில்லை. எனவே எங்கள் நிர்வாகத்தில் ஒளிவுமறைவு இல்லை. தண்ணீருக்கு வடிவமில்லை. எனவே எங்கள் கணக்கு எந்தப் பாத்திரத்திலும் சரியாகப் பொருந்தும்."

கைதட்டல். அடிஸ்கேல் தொடங்கி வைத்தார்.

"நேற்றுவரை தண்ணீர் உங்களுக்குச் சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதற்கு என்ன மதிப்பு? எதுவும் இல்லை. இன்று ஒரு சொட்டுக்கு நீங்கள் ஏங்குகிறீர்கள். அந்த மதிப்பை உண்டாக்கியது யார்? நாங்கள். எப்படி உண்டாக்கினோம்? உங்களிடமிருந்து எடுத்தோம். இவ்வளவு எளிய பொருளாதாரம் உலகத்தில் எங்கேயும் கிடையாது!"

பின்வரிசையில் ஒருவர், "உண்மையைத்தான்யா சொல்றார்" என்றார்.

"தங்கத்தைப் பதுக்கினீர்கள். தலைமுறை தலைமுறையாகப் பதுக்கினீர்கள். தண்ணீரைப் பதுக்கிப் பாருங்கள்! மூன்றாம் நாள் நாக்கு வெளியே வந்துவிடும். நீங்கள் உயிரோடு இருக்க விரும்பும்வரை நம் பணத்தின் மதிப்பு குறையாது. சாக விரும்புகிறவர்களால் மட்டுமே விலைவாசி..."

இந்த இடத்தில் அவர் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

தலைவர் மேலே பார்த்தார். இன்னொரு சொட்டு. பந்தல் துணியில் படபடவென்று சத்தம் கேட்டது.

"யார் அனுமதி கொடுத்தது?" என்றார் தலைவர். ஒலிபெருக்கி அதை வானத்துக்கும் சேர்த்துச் சொன்னது.

மழை கொட்டியது. தெரு எழுந்து நின்றது. பாதுகாவலர்கள் குடைகளை விரித்துத் தரையைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அடிஸ்கேல் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "யாரும் நனைய வேண்டாம்! வானத்திலிருந்து விழுவது கள்ள நோட்டு! வங்கியின் முத்திரை இல்லை! கையை நீட்டுவது குற்றம்! வாயை மூடிக்கொள்ளுங்கள்!"

அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். தலைவரோடு வந்திருந்த கவுன்டர் அம்மாளும் நின்றார், கண்ணை மூடிக்கொண்டு, தன்னைத் தானே பார்க்காத மாதிரி.

கடைக்காரர் கடைக்குள் ஓடினார். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிறு வெயிலில் இறுகிக் கல்லாகியிருந்தது. முடிச்சோடு அவர் போராடுவதை வாசலில் அடிஸ்கேல் பார்த்துவிட்டார்.

"மேலாளர் சார்! என்ன பண்றீங்க? அது அரசாங்க இருப்பு!"

கடைக்காரரின் கை நின்றது. வாழ்நாளில் அவர் போக்குவரத்து விளக்கைக்கூட மீறியதில்லை. மனைவி முக்காலியிலிருந்து எழுந்து, அந்த முக்காலியைத் தூக்கி அரக்கு முத்திரையின்மேல் ஓங்கி ஒரு போடு போட்டாள். மூடி தெறித்து நகர்ந்தது.

"கயித்த இழுங்க" என்றாள்.

இழுத்தார். முடிச்சு அவிழவில்லை, கம்பியே பெயர்ந்து வந்தது. தார்ப்பாய் சரிந்தது. இத்தனை காலம் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாக, வெள்ளிக் கயிறு மாதிரி மழை நேராக மச்சானின் தொட்டிக்குள் இறங்கியது. கடைக்காரர் டையை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குழாயை எடுத்தார். ஒரு முனை தொட்டியில், மறுமுனை வாயில். ஓர் இழுப்பு. கலங்கல் தண்ணீர் வாளிக்கு, வாளியிலிருந்து வாசலுக்கு, அங்கிருந்து அடிஸ்கேலின் காலணிக்குப் போனது. மேலே புதுத் தண்ணீர், கீழே பழைய தண்ணீர். மனைவி தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு மச்சானை மழை விழும் இடத்துக்கு ஏந்திப் பிடித்தாள்.

"மூச்சு விடுண்ணா."

செவுள் ஒருமுறை விரிந்தது. நின்றது. கடைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு இன்னொரு முறை விரிந்தது. வால் அவள் மணிக்கட்டில் பட்டென்று அறைந்தது.

"திமிரு இன்னும் போகலை" என்றாள் மனைவி. அவள் முகத்தில் இருந்தது மழையா என்று கடைக்காரர் பார்க்கவில்லை.

தலைவர் குடைகளுக்கு நடுவே கடைக்குள் நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார். "என்ன நடக்குது?"

அடிஸ்கேல் நனைந்த காலணியை உதறினார். "இருப்புல கள்ள நோட்டு கலந்துடுச்சு சார்."

"எவ்வளவு?"

"பிரிச்சுச் சொல்ல முடியாது சார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

அடிஸ்கேலின் கடைசி வாக்கியத்தை இனி யாரும் வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கள்ள நோட்டு கலந்த இருப்பை முழுதாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. தள்ளுபடி செய்தால் யார் காலத்தில் கலந்தது என்று கேள்வி வரும். தலைவர் நீண்ட அனுபவம் உள்ளவர்.

"இங்க கிளையே இருந்ததில்ல" என்றார்.

"ஆமா சார். நான் வந்ததேயில்ல" என்றார் அடிஸ்கேல்.

மழை நிற்பதற்கு முன்பே பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் இருந்த தங்கமீன் பளிச்சென்று வெளியே வந்தது. டையைத் திருப்பிக் கேட்க மட்டும் ஓர் ஆள் வந்தார். பிழிந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்த மழை நாள்கணக்கில் பெய்தது. பணம் சாக்கடையில் ஓடியது, கூரையில் ஒழுகியது, குட்டையில் தேங்கித் தவளையாகக் கத்தியது. ஒரு குடம் தண்ணீருக்கான நோட்டைக் கொடுத்தால், "சில்லறையா ரெண்டு குடம் எடுத்துக்கிட்டுப் போங்களேன், வாசல்ல நிக்குது" என்றார்கள் கடைகளில். ஏரிக் காவல்காரர்கள் காவலைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினார்கள். தண்ணீர்த் திட்டம் மாபெரும் வெற்றியடைந்துவிட்டதால் அது இனித் தேவையில்லை என்று தலைமை வங்கி அறிவித்தது.

கடைக்காரர் ஓட்டையை அடைக்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை.

வெயில் வந்த பிறகு ஒருநாள் அடிஸ்கேல் கடைக்கு வந்தார். முதல்முறை வருகிறவர் போலச் சுற்றிலும் பார்த்தார். சட்டைப் பையில் ஸ்கேல் இல்லை. அதற்குப் பதிலாக ஊதாத பலூன் ஒன்று எட்டிப் பார்த்தது.

"வாங்க. மீன் வேணுங்களா?"

"சும்மாதான் வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அறிவிக்கலை. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தண்ணியில என்ன தப்பாச்சுன்னா, அது ஆவியாயிடுது. இந்தத் தடவை அந்தப் பிரச்சினையே வராத பொருளா எடுத்திருக்கோம்."

அவர் பார்வை தொட்டி தொட்டியாக நகர்ந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் காற்று பம்பு குமிழிகளை விட்டுக்கொண்டிருந்தது. அடிஸ்கேலின் உதடுகள் மெல்ல அசைந்தன, எண்ணுகிற மாதிரி.

"இதெல்லாம் யாரோட காத்து?"

கடைக்காரர் பதில் சொல்வதற்குள் மனைவி எட்டிப் போய் பம்பு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடை அமைதியானது. குமிழிகள் நின்றன. அந்த அமைதியில், மச்சான் சாவகாசமாக மேலே வந்தது. வாயைத் திறந்து மூடியது. பெரிய குமிழி ஒன்று மேலே மிதந்து உடைந்தது.

அடிஸ்கேல் விரலை நீட்டினார். "அப்ப அது?"

"அது அவரோட சொந்தச் சம்பாத்தியம்ங்க" என்றார் கடைக்காரர்.